வாயில் மூடிய மாலை: ஷாங்காய் டிஸ்னிலேண்டில் 33,863 பேர் பரிசோதிக்கப்பட்ட நிகழ்வு

ஆய்வின் பொருள்

2021 அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை மாலை ஷாங்காய் டிஸ்னிலேண்டின் வாயில்கள் மூடப்பட்டன. புதிதாக யாரும் உள்ளே வர முடியாது என்றும், உள்ளே இருப்பவர்கள் கொரோனா பரிசோதனைக்கு மாதிரி கொடுத்த பிறகே வெளியேறலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. அன்று ஹாலோவீன் நாள்; வார இறுதிக் கூட்டம் பூங்காவை நிறைத்திருந்தது. முந்தைய நாள் அங்கு வந்து போன ஒரே ஒருவருக்குத் தொற்று இருப்பது வேறொரு நகரத்தில் தெரியவந்ததே இத்தனைக்கும் காரணம். மறுநாள் காலை வெளியான எண்ணிக்கையின்படி, பூங்காவோடு தொடர்புடைய 33,863 பேர் பரிசோதிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் தொற்று இல்லை.

பெரிய கேளிக்கைப் பூங்காக்களில் அவசர காலத் திட்டம் என்றால், உள்ளே இருப்பவர்களை எவ்வளவு விரைவாக வெளியே அனுப்புவது என்பதுதான். தீ, மின்தடை, புயல், சவாரி விபத்து என எதுவாக இருந்தாலும் பணியாளர்களின் பயிற்சி அந்தத் திசையிலேயே செல்கிறது. இங்கே நடந்தது அதற்கு நேரெதிர். வெளியே போகத் தயாரான கூட்டத்தை உள்ளேயே நிறுத்தி, அமைதி குலையாமல் வைத்திருந்து, ஒவ்வொருவராகப் பரிசோதித்து அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வகையில் இந்த நிகழ்வு பெருங்கூட்டத்தைக் கையாளும் எவருக்கும் பயன்படும் என்று கருதி, பின்னணியிலிருந்து தொடங்கி ஓராண்டுக்குப் பின் அதே இடத்தில் அதே தேதியில் நடந்த இரண்டாவது மூடல் வரை இங்கே பதிவு செய்கிறேன்.

பின்னணி

ஷாங்காய் டிஸ்னிலேண்ட் 2016 ஜூன் 16 அன்று திறக்கப்பட்டது. இந்த ஓய்விடத்தின் உரிமையில் 57 விழுக்காடு ஷாங்காய் அரசு சார்ந்த ஷெண்டி குழுமத்திடமும், 43 விழுக்காடு வால்ட் டிஸ்னி நிறுவனத்திடமும் உள்ளது. இந்தப் பங்கீட்டை முதலிலேயே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நகர நிர்வாகம் ஒரு முடிவு எடுத்தால் பூங்கா அதை எதிர்த்து வாதிடும் நிலையில் இருக்கும் தனியார் நிறுவனம் அல்ல. பெரும்பங்கு உரிமையாளரும் விதி வகுப்பவரும் ஏறக்குறைய ஒரே தரப்பு.

பெருந்தொற்றில் உலகின் டிஸ்னி பூங்காக்களில் முதலில் மூடப்பட்டதும் இதுவே. 2020 ஜனவரி 25, சீனப் புத்தாண்டு நாளன்று, ஆண்டின் மிக நெரிசலான விடுமுறைக் காலத்தின் தொடக்கத்தில் கதவுகள் அடைக்கப்பட்டன. மூடல் இரண்டு மாதம் நீடித்தால் ஷாங்காயில் மட்டும் 13.5 கோடி டாலர் அளவுக்கு இயக்க லாபம் குறையும் என்று அந்த நிறுவனம் பிப்ரவரி தொடக்கத்தில் மதிப்பிட்டது. உண்மையில் மூடல் மூன்றரை மாதம் நீடித்தது.

ஒரே நிறுவனத்தின் பூங்காக்கள் அந்தக் காலத்தில் மூன்று விதமாக நடத்தப்பட்டதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். புளோரிடாவில் 2020 ஜூலை 11 அன்று பூங்காக்கள் மீண்டும் திறக்கத் தொடங்கின. அதற்கு மறுநாள் அந்த மாநிலத்தில் 15,299 புதிய தொற்றுகள் பதிவாயின. கலிபோர்னியாவின் அனாஹைமில் மாநில அரசு அனுமதி தராததால் 412 நாட்கள் மூடிக் கிடந்த பூங்கா 2021 ஏப்ரல் 30 அன்றுதான் திறந்தது. ஷாங்காயில் பூங்கா விரைவாகத் திறந்தது. ஆனால் ஒரு தொற்றைக்கூடப் பொறுக்காத கொள்கையின் கீழ்த் திறந்தது. முகக்கவசம், இடைவெளி, கிருமிநாசினி எல்லாம் மூன்று இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது அரசின் கொள்கை.

2020 மே மாத மறுதிறப்பும் அதில் உருவான பழக்கங்களும்

2020 மே 11 அன்று ஷாங்காய் பூங்கா மீண்டும் திறந்தது. பெருந்தொற்றால் மூடப்பட்ட டிஸ்னி பூங்காக்களில் முதலில் திறந்தது இதுதான். நாளொன்றுக்கு 80,000 பேர் என்ற வழக்கமான கொள்ளளவில் 30 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிக்கக் கூடாது என்று அரசு வரம்பு விதித்திருந்தது. அதாவது 24,000 பேர். பூங்கா அதற்கும் குறைவாகவே தொடங்கியது. முதல் நாளுக்கான சீட்டுகள் சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன.

வாயிலில் உடல் வெப்பநிலை பார்க்கப்பட்டது. தொற்று ஆபத்து இல்லை என்பதற்கு அடையாளமாகக் கைப்பேசியில் பச்சை நிறத்தில் தெரியும் ஹெல்த் கோடு காட்ட வேண்டியிருந்தது. சாப்பிடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் முகக்கவசம் கட்டாயம். வரிசைகளில் தரையில் நிற்குமிடங்கள் குறிக்கப்பட்டன. சவாரி வண்டிகளிலும் படகுகளிலும் இருக்கைகள் இடைவிட்டு நிரப்பப்பட்டன. ஊர்வலமும் வாணவேடிக்கையும் நிறுத்தப்பட்டன. கதாபாத்திர வேடமிட்டவர்கள் குழந்தைகளை அணைத்துக்கொள்ளாமல் தொலைவிலிருந்து கையசைத்தார்கள்.

இவை எல்லாவற்றையும் விட, பின்னால் நடந்ததற்கு அடிப்படையாக அமைந்தது யாரும் பெரிதாகப் பேசாத வேறொரு ஏற்பாடு: அடையாள ஆவணத்தின் பேரில் முன்பதிவு. எந்த நாளில் யார் வந்தார் என்பது பூங்காவின் பதிவேட்டில் இருந்தது. நெரிசலைக் கட்டுப்படுத்தக் கொண்டுவரப்பட்ட இந்த முறைதான், ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, வந்து போனவர்களைத் தேடிப் பிடிக்கும் கருவியாக மாறியது. சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டாவது பயனை எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

2021 அக்டோபரில் கண்டவை

2021 அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து சீனாவின் பல மாகாணங்களில் டெல்டா வகைத் தொற்று தலைகாட்டியது. நாடு முழுவதும் சேர்த்து நாளொன்றுக்குப் பதிவான எண்ணிக்கை நூறைத் தாண்டவில்லை. மற்ற நாடுகளின் அளவுகோலில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு மூன்று மாதமே இருந்தது. எங்கு ஒரு தொற்று தெரிந்தாலும் தொடர்புச் சங்கிலியை உடனே அறுத்துவிட வேண்டும் என்பதே கொள்கை.

இந்தச் சூழலில், ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஹாங்சோ நகரில் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. அவர் அக்டோபர் 30, சனிக்கிழமை ஷாங்காய் டிஸ்னிலேண்டுக்கு வந்து சென்றவர் என்பது பயண விவரங்களை விசாரித்தபோது தெரிந்தது. அந்தத் தகவல் ஷாங்காய் நிர்வாகத்துக்கு வந்து சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பூங்காவுக்குள் இருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தொற்றுள்ளவர் வந்தது சனிக்கிழமை. பூட்டப்பட்ட வாயிலுக்குள் இருந்ததோ ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள். இரு நாளும் பூங்காவில் இருந்தவர்கள் பணியாளர்களும், விடுதியில் தங்கி அடுத்தடுத்த நாள் வந்த சில குடும்பங்களுமே. அதிக ஆபத்துக்கு உள்ளானவர்கள், அதாவது சனிக்கிழமை அவருக்கு முன்னும் பின்னும் வரிசையில் நின்றவர்கள், அதற்குள் நகரமெங்கும் கலைந்து போயிருந்தார்கள்.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, நுழைவை நிறுத்துவது. இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆபத்து இருக்கக்கூடும் என்று தெரிந்த இடத்துக்குள் இன்னும் ஆட்களை அனுப்புவது தவறு.

இரண்டாவது முடிவு, உள்ளே இருப்பவர்களைப் பரிசோதித்த பிறகே அனுப்புவது. முன்பதிவுப் பட்டியல் கையில் இருக்கும்போது, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவரவர் குடியிருப்புக்கு அருகில் பரிசோதிக்கச் சொல்லியிருக்கலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. நிர்வாகத்தின் தரப்பிலிருந்து பார்த்தால், வார இறுதிக் கூட்டத்தில் பலர் வெளியூர்க்காரர்கள். இரவு ரயிலும் விமானமும் ஏறிவிட்டால் அடுத்த நாள் பல மாகாணங்களில் தேட வேண்டியிருக்கும். வாயிலில் ஒரு மணி நேரம் தாமதித்தால் பல நாள் தேடல் மிச்சமாகும் என்பது அந்தக் கொள்கைக்குள் சரியான கணக்கே.

ஆனால் மருத்துவ நோக்கில் அந்த இரவுப் பரிசோதனையின் பயன் குறுகியது. கிருமி ஒருவர் உடலுக்குள் புகுந்து பரிசோதனையில் தெரியும் அளவுக்குப் பெருகச் சில நாட்கள் ஆகும். சனிக்கிழமை பகலில் தொற்றிய ஒரு பணியாளர், ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் இன்னொருவருக்குப் பரப்பி, அவரும் அன்றிரவே பாசிட்டிவ் காட்டுவார் என்பது ஏறக்குறைய நடக்காத காரியம். எனவே 33,863 நெகட்டிவ் முடிவுகள், அந்த நேரத்தில் பூங்காவுக்குள் வேறு வழியாக வந்த தொற்று எதுவும் இல்லை என்பதைத்தான் காட்டின; சனிக்கிழமை வந்தவரிடமிருந்து யாருக்கும் பரவவில்லை என்பதை அல்ல. அதை அறியச் சனிக்கிழமை வந்தவர்களையும் சேர்த்துப் பரிசோதிக்கவும், பின்னரும் மீண்டும் பரிசோதிக்கவும் வேண்டியிருந்தது. நிர்வாகமும் அவ்வாறே உத்தரவிட்டது. சரியாகச் சொன்னால், அன்றைய நடவடிக்கையில் உண்மையான பலன் தந்தது பெயர்ப்பட்டியலும் தொடர் பரிசோதனையும். வெளியே பளிச்செனத் தெரிந்தது என்னவோ வாயிலில் நடந்த மாதிரி சேகரிப்புதான்.

மூன்றாவது முடிவை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். வாயில் மூடப்பட்ட பிறகும் பூங்கா நிறுத்தப்படவில்லை. இரவில் வாணவேடிக்கையும் நடந்தது. தலை முதல் கால் வரை வெள்ளைப் பாதுகாப்பு உடை அணிந்த மருத்துவப் பணியாளர்கள் பரிசோதனை வரிசைகளுக்குப் பக்கத்தில் நிற்க, அவர்களுக்குப் பின்னால் கோட்டையின் மேல் வாணங்கள் வெடிக்கும் படங்கள் அன்றிரவே உலகமெங்கும் பரவின. பலருக்கு அந்தக் காட்சி விசித்திரமாகத் தெரிந்தது. கூட்ட மேலாண்மையின் கண்ணால் பார்த்தால் அது மிகச் சரியான செயல். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் முழுக் கூட்டமும் ஒரே நேரத்தில் வாயிலை நோக்கி நகரும். மாதிரி எடுக்கும் வேகத்தை விட வரிசை வளரும் வேகம் பல மடங்காகிவிடும். நெருங்கி நிற்பதே புதிய ஆபத்தாகும். பார்க்க ஏதோ இருக்கும்போது கூட்டம் தானாகவே பகுதி பகுதியாகப் பிரிந்து வருகிறது. குழந்தைகளுக்கும் அந்த இரவு அச்சத்தின் நினைவாக மட்டும் தங்காமல் போயிருக்கும்.

அன்றிரவும் அடுத்த மூன்று நாட்களும்

மாதிரி சேகரிப்பு இரவு நெடுநேரம் நடந்தது. பரிசோதனை முடித்தவர்களை ஏற்றிச் செல்ல நகர நிர்வாகம் 220 சிறப்புப் பேருந்துகளை அனுப்பியது. இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு பயன்கள் இருந்தன: நேரம் கடந்துவிட்ட குடும்பங்கள் நடு இரவில் தவிக்கவில்லை, பரிசோதனை முடிவு தெரியாத ஆயிரக்கணக்கானோர் பொதுப் போக்குவரத்தில் கலக்கவும் இல்லை. வாயிலை மூட உத்தரவிட்டவர்கள், அப்படிப் பூட்டியவர்களை வீடு சேர்ப்பதும் தங்கள் பொறுப்பென்று எண்ணியதை இந்த எண்ணிக்கை காட்டுகிறது. அந்த இரவைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை நிம்மதிப்படுத்திய செய்தி இதுவே.

நவம்பர் 1 காலை எட்டு மணி நிலவரம் அறிவிக்கப்பட்டது: 33,863 பேர், அனைவரும் நெகட்டிவ். ஆயினும் நவம்பர் 1, 2 ஆகிய இரு நாளும் பூங்காவும் அதனோடு இணைந்த கடைவீதியும் மூடப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களுக்குச் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதாகப் பூங்கா அறிவித்தது. நவம்பர் 3 அன்று வாயில்கள் மீண்டும் திறந்தன.

சீன மக்களிடையே அந்த நேரத்தில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. பலர் அதைத் திறமையான நிர்வாகத்தின் எடுத்துக்காட்டாகவே பேசினார்கள். ஒரு மாலைப் பொழுதின் தொல்லைக்கு ஈடாக நகரம் முழுவதும் இயல்பாக இயங்குகிறது என்ற நம்பிக்கை அன்று உயிரோடிருந்தது. அந்த நம்பிக்கை இல்லாமல், பல்லாயிரம் பேரை எந்த வேலியும் பிடித்து வைத்திருக்க முடியாது.

ஓராண்டுக்குப் பின்

2022 மார்ச் மாதம் ஒமிக்ரான் வகை ஷாங்காயைத் தாக்கியது. மார்ச் 21 அன்று பூங்கா மூடப்பட்டது. 101 நாட்களுக்குப் பிறகு ஜூன் 30 அன்றுதான் திறந்தது. இடையில் இரண்டரைக் கோடி மக்கள் வாழும் அந்நகரம் ஏறக்குறைய இரண்டு மாதம் ஊரடங்கில் அடைந்து கிடந்தது. சில நாட்களுக்கு என்று அறிவிக்கப்பட்ட அடைப்பு வாரக்கணக்கில் நீண்டது. குடியிருப்புகளில் உணவுக்குத் தட்டுப்பாடு வந்தது. தொற்று கண்ட சிறு குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிமைப்படுத்தியதும், மக்களின் கோபத்துக்குப் பிறகு அந்த விதி தளர்த்தப்பட்டதும் அப்போது நடந்தவையே.

அந்த ஆண்டு அக்டோபர் 31, திங்கட்கிழமை காலை 11.39 மணிக்குப் பூங்கா உடனடியாக மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. உள்ளே இருப்பவர்கள் நெகட்டிவ் முடிவு வந்த பிறகே வெளியேறலாம். அக்டோபர் 27 முதல் வந்து சென்ற ஒவ்வொருவரும் மூன்று நாளில் மூன்று முறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகம் கூறியது. சென்ற ஆண்டைப் போலவே உள்ளே சவாரிகள் தொடர்ந்து இயக்கப்பட்டன. நடைமுறையில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை.

கூட்டம்தான் வேறாக நடந்துகொண்டது. அறிவிப்பைக் கேட்டவர்கள் வாயிலை நோக்கி ஓடுவதும், அவை ஏற்கெனவே பூட்டப்பட்டிருப்பதைக் காண்பதும் கைப்பேசிக் காணொளிகளில் பதிவாகின. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வசந்த காலத்தில் வீட்டுக்குள் பூட்டப்பட்டவர்களுக்கு, பூட்டிய கதவு எப்போது திறக்கும் என்று சொல்பவரின் சொல்லில் நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தாய்க்கு, பாசிட்டிவ் என்று முடிவு வந்தால் அந்தக் கை என்னவாகும் என்ற கேள்வி வெறும் கற்பனையாக இருந்திருக்காது.

இம்முறை மூடல் நவம்பர் 25 வரை நீடித்தது. திறந்த நான்கே நாளில், நவம்பர் 29 அன்று, பூங்கா மறுபடியும் மூடப்பட்டது. டிசம்பர் 7 அன்று மத்திய அரசு கொரோனா விதிகளைப் பெருமளவு தளர்த்தியது. டிசம்பர் 8 அன்று பூங்கா திறந்தது.

எவற்றை வேறுவிதமாகச் செய்திருக்க வேண்டும்

2021இல் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவற்றை, அந்தக் கொள்கையின் எல்லைக்குள், சரியென்றே மதிப்பிடுகிறேன். பூங்காவை இயங்க வைத்ததும், பேருந்துகளை அனுப்பியதும், காலைக்குள் முடிவைப் பொதுவில் சொன்னதும், பணத்தைத் திருப்பித் தந்ததும் அப்படியே பின்பற்றத் தக்கவை.

மாற்ற வேண்டியதில் முதலாவது, சீட்டு விற்கும்போதே சொல்லப்படாதது. தொற்று காரணமாக வெளியேறுவது தடைபடக்கூடும், எத்தனை மணி நேரம் வரை ஆகலாம், பச்சிளங் குழந்தையோடும் முதியவர்களோடும் வருபவர்களுக்கு என்ன முன்னுரிமை, தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பவற்றை முன்பதிவுப் பக்கத்திலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பதிவு எதற்கெல்லாம் பயன்படும் என்பதும் அங்கேயே இடம்பெற வேண்டியது. தெரிந்து ஏற்றுக்கொண்ட கட்டுப்பாட்டில் மக்கள் பொறுமையாக இருப்பார்கள்.

இரண்டாவது, யாரை நிறுத்துவது என்ற தேர்வு. தொற்றுள்ளவர் சென்ற இடங்களும் நேரங்களும் கிடைத்த பிறகு, சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தவர்களை மட்டும் முதலில் பிரித்துப் பரிசோதித்து, மற்றவர்களை மாதிரி எடுக்காமலேயே பெயர்ப்பட்டியலை நம்பி அனுப்பி, மூன்றாவது நாளும் ஐந்தாவது நாளும் வீட்டருகே பரிசோதிக்கச் சொல்லியிருந்தால் நோயைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு குறைந்திருக்காது. வாயிலில் நெரிசலும் இருந்திருக்காது. அன்றைய கொள்கை அதை அனுமதித்திருக்காது என்பதை அறிவேன். வேறொரு நகரில், வேறொரு நோய்க்கு, இதே சூழ்நிலை வந்தால் அங்கே உள்ளவர்கள் இந்த வழியை முதலில் பரிசீலிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூன்றாவது 2022இலிருந்து வருவது. அறிவிப்புக்கும் பூட்டுக்கும் இடையில் எது முன், எது பின் என்பது சிறிய விஷயம் அல்ல. ஓடி வந்தவர்கள் பூட்டிய கதவைத்தான் முதலில் கண்டார்கள். காரணமும் கால வரம்பும் அவர்களைச் சேர்வதற்குள் பயம் சேர்ந்துவிட்டது. பூங்காவின் ஒவ்வொரு பகுதியிலும் ஒலிபெருக்கியில் ஒரே செய்தி ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும்: என்ன நடந்தது, மாதிரி எங்கே எடுக்கப்படுகிறது, முடிவு எத்தனை மணிக்குள் வரும், பாசிட்டிவ் வந்தால் குழந்தை யாரோடு இருக்கும். கடைசிக் கேள்விக்கான பதில் எழுத்தில் தயாராக இல்லாவிட்டால், வாயிலை மூடும் உத்தரவைப் பூங்கா நிர்வாகம் நகர நிர்வாகத்திடமிருந்து பெற்றுக்கொள்ளும் முன் அதைக் கேட்டுப் பெற்றாக வேண்டும்.